நடைபாதையும் வரிச்சலுகையும் கடைத்தெருவைக் காப்பாற்றுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில், ஏ4 பிரதான வீதியோரம் உங்களுக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. கடந்த சில வருடங்களில் அயலில் பல கடைகள் பூட்டப்பட்டுவிட்டன. நடைபாதை, அலங்கார விளக்கு, பூமரங்கள் என்று தெருவை அழகுபடுத்தும் திட்டம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வர்த்தகர் சங்கமோ புதிதாகக் கடை திறப்பவர்களுக்கு ஐந்து வருட வரிவிலக்குக் கேட்டு மனுக் கொடுக்கத் தயாராகிறது. இரண்டும் சேர்ந்தால் தெரு பழையபடி களைகட்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், கடையைப் பெருப்பிக்க வங்கிக் கடன் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது: இந்தத் திட்டத்தை நம்பிக் காசு போடலாமா?

நான் மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் படித்துவிட்டு, கிழக்கு மாகாண உள்ளூராட்சி சபைகளோடு நெடுங்காலம் வேலை பார்த்தவன். கணக்காளனும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. உங்கள் கடையின் வரவுசெலவுக் கொப்பியைப் பார்த்ததும் இல்லை. ஆகவே கடன் விடயத்தில் ஓர் எல்லைவரைதான் பேசுவேன். தெருவைப் பற்றியென்றால் உறுதியாகச் சொல்லலாம்: நல்ல நடைபாதை, ஏற்கெனவே பஸ்ஸால் இறங்கியவரை இன்னும் இரண்டு கடை ஏறி இறங்க வைக்கும். வராதவரை அது வரவழைப்பதில்லை. உங்கள் சங்கம் கேட்கும் வகை வரிவிலக்கு அந்தளவுகூடச் செய்யாது. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் தெருவுக்கு ஆட்கள் ஏன் வந்துகொண்டிருந்தார்கள், இப்போது ஏன் குறைந்தார்கள் என்பதை. இதைச் செய்யாமல் கல் பதிக்கத் தொடங்கிய தெருக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

களுவாஞ்சிகுடியை அண்டிய கடைத்தெரு எதுவும் தன் அயலவரை மட்டும் நம்பி வளர்ந்ததல்ல. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையும் மேற்கே உள்ள படுவான்கரையும் கைகோக்கும் இடம் அது. பட்டிருப்புப் பாலத்தால் போரதீவு, வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் வரும். மண்டூர்ச் சனம் குருமண்வெளித் துறையால் வரும். அவர்கள் சேலை வாங்கவென்று புறப்பட்டு வருவது கலியாணத்துக்கும் வருடப்பிறப்புக்கும்தான். மற்ற நாட்களில் ஆதார வைத்தியசாலைக்கு, பிரதேச செயலகத்துக்கு, வங்கிக்கு, வழக்குக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் பிள்ளைக்கு ஒரு சட்டை, வீட்டுக்கு ஒரு வாளி, வயலுக்கு ஒரு கிருமிநாசினிப் போத்தல். காலை எட்டரைக்கு இறங்கி, அலுவல் முடித்து, பன்னிரண்டு மணி வெயிலுக்கு முன் திரும்பிவிடுகிற கூட்டம் அது. உங்கள் வியாபாரத்தின் பெரும்பகுதி அந்த மூன்றரை மணித்தியாலத்துக்குள்தான் நடந்திருக்கும். இந்த அலுவலகங்களில் ஒன்று கடைத்தெருவிலிருந்து நடக்க முடியாத தூரத்துக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டு போய்விட்டால், அது பறித்துக்கொண்டு போகிற வாடிக்கையாளரை எந்த விளக்கும் மீட்டுத் தராது. அரச காணி வெறுமையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அலுவலகங்களை ஊரின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைப்பது எங்கள் மாகாணத்துக்கே உரிய பழக்கமாகிவிட்டது. சங்கம் ஒரு விடயத்துக்குத்தான் குரல் கொடுக்கலாம் என்றால், நான் இதற்குக் கொடுக்கச் சொல்வேன்.

அடுத்தது வீதி. கிழக்கில் போர் ஓய்ந்த பிறகு அரசின் 'கிழக்கின் உதயம்' அபிவிருத்தித் திட்டக் காலத்திலும் அதன் பின்பும் பிரதான வீதிகள் காபட் வீதிகளாயின. புதிய கல்லடிப் பாலம் 2013 இல் திறக்கப்பட்டது, மண்முனைப் பாலம் 2014 இல். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரருக்கு முன்பு அரை நாள் வேலையாக இருந்த மட்டக்களப்புப் பயணம் இப்போது ஒரு பொருட்டே அல்ல. நல்ல பாதை இரண்டு திசையிலும் ஓடும். சின்ன ஊரின் கடைக்குச் சனத்தைக் கொண்டுவருகிற அதே வீதி, வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்ட பிறகு, அந்தச் சனத்தைப் பெரிய ஊருக்கும் ஏற்றிப்போகும். உங்களுக்கு வடக்கே காத்தான்குடியும் மட்டக்களப்பும், தெற்கே கல்முனை. புடவை விடயத்தில் இவை மூன்றோடும் தெரிவிலும் விலையிலும் போட்டிபோடுவது கடினம். உங்கள் தெருவின் சரிவில் இதன் பங்கு பெரிதா, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கையில் காசில்லாமல் போனதன் பங்கு பெரிதா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்கள் கண்டுபிடிக்கலாம். சங்கத்தைச் சேர்ந்த எல்லாக் கடைகளிலும் ஒரு வாரத்துக்கு, காசு வாங்கும்போது மூன்று கேள்வி கேட்டு ஒரு கொப்பியில் குறியுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எதில் வந்தீர்கள், இன்றைக்கு வேறு எந்த அலுவலாக வந்தீர்கள். அறுவடை முடிந்த வாரம் ஒன்றில் ஒரு தடவை, காய்ந்த மாதம் ஒன்றில் ஒரு தடவை. இதைச் செய்துவிட்டுத் திட்டம் கேட்கப் போகிற வர்த்தகர் சங்கம் மிக அரிது. அப்படிப் போகிறவர்களுக்கு மேசையில் ஒரு மரியாதை இருக்கும்.

கணக்கெடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைக்காரருடைய ஊகம் பெரும்பாலும் பிழைக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006 இல் நடந்த ஆய்வொன்றில், வாடிக்கையாளரில் 41 வீதத்தினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது 22 வீதம்தான். ஏறக்குறைய இதே பிழை வேறு நாட்டு நகரங்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் காருக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளையும் முச்சக்கரவண்டியையும் வைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் வண்டி நிறுத்துகிற முகங்கள்தான் முதலாளிக்கு நினைவில் நிற்கும். பஸ்ஸால் இறங்கி, குடை பிடித்து நடந்து வந்த நாலு பெண்கள் நினைவில் நிற்பதில்லை. அதன் பிறகு, நடைபாதையை அகட்டினால் வண்டி நிறுத்த இடமிருக்காது என்று முதலில் எதிர்ப்பவரும் அதே முதலாளிதான்.

இனி தெருச் சீரமைப்பு. அதற்குள் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தலைகீழானால் செலவெல்லாம் வீண். எங்கள் கரையோரத்தில் முதலாவது வேலை வடிகான். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய, தட்டையான மணல் நிலம் இது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், வாவி நிரம்பிவிட்டால், அது கடலில் கலக்கும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடும்வரை தண்ணீர் போக வழியிருக்காது. இந்த நிலத்தில் பழைய காபட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறு படை போட்டுப் போட்டு வீதியை உயர்த்திவிடுகிறார்கள். கடைப் படிக்கட்டு நின்ற இடத்தில் நிற்கும். சில வருடத்தில் வீதி மேலே, கடை கீழே. ஐப்பசி மழைக்கு வீதித் தண்ணீர் முழுவதும் புடவைக்கடைக்குள். அதன் பிறகு கான் கட்டினாலும், கானின் அடிமட்டம் வெளியேறும் வாயைவிடத் தாழ்ந்திருந்தால் அது நீண்ட தண்ணீர்த் தொட்டிதான், நுளம்பு வளர்க்கலாம். ஆகவே திட்டத்தின் வரைபடம் வெளியே வரும்போது, கல்லின் நிறத்தைக் கேட்காதீர்கள். நான்கு இடங்களின் மட்டத்தைக் கேளுங்கள்: வீதியின் நடு, நடைபாதை, உங்கள் கடைத் தளம், கான் வாவியில் விழும் இடம். இந்த நான்கு எண்களும் வரைபடத்தில் இல்லாவிட்டால் அது வெறும் படம்.

இரண்டாவது நிழல். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் தெருவொன்றில் பத்து மணிக்குப் பிறகு யாரும் விருப்பத்தோடு நடப்பதில்லை. காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவில் பேரீச்ச மரங்கள் நட்டது உங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஓர் அடையாளம் கிடைத்தது, வெளியூர்க்காரர் நின்று படம் எடுக்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வீதி நடுவில் நிற்கும் பேரீச்சையின் நிழல் ஓரத்தில் நடப்பவர் தலையில் விழாது. அந்தத் தெருவுக்கு ஆட்கள் வருவது அதன் கடைகளின் செறிவுக்காகவும், பேரம் பேசினால் இறங்கிவரும் விலைக்காகவும்தான். மரம் பிறகு வந்தது. அதைப் பார்த்து வேறு ஊர்கள் மரத்தை மட்டும் இரவல் எடுக்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஓரத்தில் நிற்கிற வேம்போ புங்கையோ, அது வளரும்வரை கடைகளின் முன்னால் ஒரே உயரத்தில் ஒரு தொடர் தாழ்வாரம். ஒவ்வொருவரும் தகரத்தை ஒவ்வோர் உயரத்தில் நீட்டுவதை நிறுத்தி, சங்கமாக உடன்பட்டு ஒரே அளவில் போட்டால், மழைக்கும் அது உதவும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வீதி எல்லைக்கோட்டுக்கு உட்பட்டு நிற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வீதி அகலிப்பில் உடைத்துவிடுவார்கள்.

மூன்றாவதாகத்தான் நடைபாதை. வீதித் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய வீதிக் காங்கிரஸின் வழிகாட்டி, தடையில்லாத நடைபாதை அகலம் குறைந்தது 1.8 மீற்றர் இருக்கவேண்டும், கடைத்தெருவில் அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்கிறது. தடையில்லாத என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு மீற்றர் போட்டு, அதன் நடுவில் மின்கம்பமும் தொலைபேசிக் கம்பமும் நட்டு, மிச்சத்தில் கடைக்காரர் பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தினால் நடப்பவர் மறுபடி வீதியில்தான் இறங்குவார். அந்தப் பொம்மை உங்களுடையதாகவும் இருக்கலாம், கோபிக்காதீர்கள். விளக்கைப் பொறுத்தவரை, எட்டு மணிக்குக் கடை பூட்டும் ஊரில் அலங்கார விளக்குக்குக் கொடுக்கும் பணத்தைவிட, எரியாத தெருவிளக்கை மாற்றுவதற்குச் சபை ஒதுக்கும் பணம் பெறுமதியானது. ஆனால் பெண்களுக்குச் சுத்தமான மலசலகூடம் ஒன்றும், அமர்ந்து காத்திருக்கக்கூடிய பஸ் தரிப்பிடம் ஒன்றும் உள்ள கடைத்தெருவில் ஆட்கள் கூடுதல் நேரம் நிற்பார்கள். வெல்லாவெளியிலிருந்து வரும் தாய் ஒருத்தி அவசரமாக அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மலசலகூடம் இல்லாததுதான். இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதமாட்டார்கள், பெண் வர்த்தகர்களைக் கேட்டால் முதல் வார்த்தையாகச் சொல்வார்கள்.

வாகனத்தை முற்றாக நிறுத்தி நடப்பவருக்கு மட்டுமான தெருவாக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959 இல் அப்படிச் செய்து பெயரெடுத்தது. 1998 இல் ஒரு பகுதியை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டது. சிக்காகோவின் ஸ்டேட் வீதியும் 1979 இல் பஸ் தவிர்ந்த பொது வாகனங்களுக்கு மூடப்பட்டு 1996 இல் திறக்கப்பட்டது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகத்தில் வாகனம் ஓடும் பாதையைச் சுருக்கி நடைபாதையை அகட்டினார்கள். அங்கே தெருவோர வியாபாரிகளை 2013 இலேயே தனிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள் என்பதையும், அந்தத் தெருவுக்குக் கூட்டம் ஏற்கெனவே பிதுங்கி வழிந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கூட்டத்துக்கு இடம் கொடுக்கச் செய்த வேலையை, கூட்டத்தை வரவழைக்கும் வேலையாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் விடயத்தில் பேச்சே இல்லை: ஏ4 தேசிய நெடுஞ்சாலை, அதை யாரும் மூட விடமாட்டார்கள்.

அங்காடி வியாபாரிகள் விடயத்தில் நீங்களும் சங்கமும் என்னோடு சண்டைக்கு வரலாம். தெருவை அழகுபடுத்துகிறோம் என்றவுடன் முதலில் கேட்கப்படுவது, தயிர்ச்சட்டியும் மரக்கறியும் மீனும் வைத்திருப்பவர்களை அப்புறப்படுத்து என்பதுதான். அவர்கள் வரி கட்டுவதில்லை, வழியை மறிக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள், எல்லாம் உண்மை. ஆனால் படுவான்கரைத் தயிருக்காக நின்றவர்தான் திரும்பிப் பார்த்து உங்கள் கடைக்குள் ஏறுகிறார். அவர்களைத் தெருவிலிருந்து தள்ளிய பிறகு அயல் கடைகளின் வியாபாரமும் சேர்ந்து குறைந்ததை நேரில் கண்டிருக்கிறேன். எவ்வளவு குறைந்தது என்று யாரும் அளக்கவில்லை. ஆகவே இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன், வலுவான அபிப்பிராயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நடைபாதையின் வெளி ஓரத்தில் அளவு குறித்துக் கோடு போட்டு, மாலையில் துப்புரவு செய்யும் பொறுப்பையும் சிறு நாட்கட்டணத்தையும் வைத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

இந்த வேலைகளை யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதிச் சங்கங்கள் களைத்துப்போகின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சக் குறுக்கு வீதிகளே பிரதேச சபைக்கு. கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது, அதில் எரிகிற விளக்கு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு, கீழே ஓடுகிற குழாய் நீர்வழங்கல் சபையுடையது. கட்டட அனுமதியில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் குறுக்கிடும். ஆகவே உங்கள் முன்வாசலில் கல் பதிப்பதாகப் பிரதேச சபைத் தவிசாளர் வாக்களித்தால், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எழுத்துமூலச் சம்மதம் வந்துவிட்டதா என்று பணிவாகக் கேளுங்கள். குழாய் வேலை முடிந்த பிறகா கல் பதிக்கப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். புதுக் கல்லைப் பதித்து மூன்றாம் மாதம் குழாய்க்காகக் கிளறுவது எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு.

காலம் இன்னொரு பொறி. சபைகளின் வரவுசெலவுத் திட்டம் வருட முடிவில் நிறைவேறும். பிறகு மதிப்பீடு, கேள்விமனு, ஒப்பந்தம் என்று இழுபட்டு, வேலை தொடங்க ஆடி ஆவணியாகிவிடும். கொஞ்சம் பிந்தினால் ஐப்பசி மழையும் தீபாவளி வியாபாரமும் சேர்ந்து வரும்போது உங்கள் வாசலில் குழி இருக்கும். சின்னக் கடைக்கு அந்த இரண்டு மாதம் போதும், மூச்சு நின்றுவிடும். பெரும்போக அறுவடைக் காசு புரளும் மாசி, பங்குனி, அடுத்துச் சித்திரை வருடப்பிறப்பு ஆகியவற்றைத் தொடாமல், வைகாசியில் தொடங்கி புரட்டாதிக்குள் முடிக்கவேண்டும். முழுத் தெருவையும் ஒரே தடவையில் கிண்டாமல், ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கத்துக்குப் போகவேண்டும். ஒவ்வொரு கடைக்கும் பலகைப் பாலம் போடும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு கேட்டால் ஒப்பந்தகாரர் சிரிப்பார்.

இப்போது வரிச்சலுகை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆதன வரி, கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியின் மீது சபை தீர்மானிக்கும் வீதத்தில் அறவிடப்படுவது. பேச்சுக்கு, வருடாந்தப் பெறுமதி 2 இலட்சம் ரூபாய், வரி 8 வீதம் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 16,000 ரூபாய். மாதத்துக்கு 1,300 சொச்சம். முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31 இற்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு இப்போதே சட்டத்தில் இருக்கிறது. மாதம் 1,300 ரூபாய் மிச்சப்படுகிறது என்பதற்காகப் புதிதாகக் கடை திறக்கிற ஒருவர், அந்தக் காரணத்தாலேயே நிலைக்கமாட்டார். கடையின் உண்மையான சுமை வாடகை, முற்பணம், மின்கட்டணம், கடன் வட்டி, 2024 ஜனவரி முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரி ஆகியவைதான். இவற்றில் ஒன்றையும் பிரதேச சபை குறைக்க முடியாது. அது குறைக்கக்கூடிய ஆதன வரி ஏற்கெனவே சிறியது, ஆனால் உங்கள் குப்பையை அள்ளுகிற உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிப்பது அந்தப் பணத்தில்தான். ஐந்து வருடம் அதைத் தள்ளுபடி செய்தால் முதலில் நாறுவது உங்கள் தெரு. போதாததற்கு, சலுகை புதியவருக்கு மட்டும் என்றால், நெருக்கடியிலும் பூட்டாமல் தாக்குப்பிடித்த நீங்கள் தண்டிக்கப்பட்டவர் ஆவீர்கள்.

தேசிய அளவில் முதலீட்டுச் சலுகைகள் இருக்கின்றன, ஆனால் அவை உங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வகுத்த மேலதிக மூலதனக் கழிவு, அதாவது முதலீட்டுச் செலவை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கவிடும் சலுகை, 3 மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல் முதலிடுபவர்களுக்கானது. அதிலும் வட மாகாணத்துக்கு 200 வீதம், மற்ற மாகாணங்களுக்கு 100 வீதம் என்றுதான் வகுத்தார்கள். கிழக்குக்குத் தனிச் சலுகை இல்லை. பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுபவருக்கு அது விடயம், புடவைக்கடைக்கு அல்ல.

வெளிநாடுகளில் இது நன்றாக வேலை செய்கிறதே என்பார்கள். அமெரிக்காவில் ஒரு பகுதி மேம்பட்டபின் கூடுகிற ஆதன வரியை அதே பகுதிக்கே செலவழிக்கும் முறை 1952 இல் கலிபோர்னியாவில் தொடங்கிப் பரவியது. அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டேவிட் மெரிமன் என்ற பொருளியலாளர் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு, பெரும்பாலான இடங்களில் அது சொன்ன பொருளாதார வளர்ச்சியைத் தரவில்லை என்பதுதான். அவ்வளவு பெரிய வரித்தளம் உள்ள ஊர்களுக்கே அது என்றால், எங்கள் சபைகளுக்கு அந்த வழியில் கிடைக்கப்போவது ஒரு கான் மூடிக்கும் போதாது. எனக்குப் பிடித்த இரண்டு உதாரணங்கள் வேறு. டொரொன்டோவின் புளூர் மேற்குக் கிராமத்தில் 1970 இல் கடைக்காரர்கள் தங்கள் மீது தாங்களே ஒரு மேலதிக அறவீட்டை விதித்துக்கொண்டு தெருவைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1977 இல் மூன்று சிற்றூர்களின் கடைத்தெருக்களில் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டத்தில், ஒவ்வோர் ஊருக்கும் சம்பளத்துக்கு ஒரு முகாமையாளரை வைத்தார்கள். எந்தக் கடை பூட்டப்போகிறது, யார் இடம் தேடுகிறார், எந்த முகப்பு பழுது என்று பார்ப்பதே அவர் வேலை. இரண்டிலும் கேட்டு வாங்கிய சலுகையைவிட, ஆள் வைத்துத் தெருவை நடத்தியதுதான் பெரிது. எங்கள் சங்கங்கள் வருடத்தில் ஒரு பொதுக்கூட்டமும் ஒரு பொன்னாடையுமாக இருக்கின்றன.

அப்படியானால் ஊக்குவிப்பே வேண்டாமா? வேண்டும், பூட்டிக்கிடக்கும் கட்டடங்களின் மீது. உங்கள் தெருவில் பூட்டிய கடைகளின் உரிமையாளர் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் பாதிக் கதை அங்கேதான். உரிமையாளர் லண்டனிலோ டொரொன்டோவிலோ இருப்பார், காணி உறுதி தகப்பன் பெயரில் இருக்கும், பிள்ளைகளுக்குள் பிரிவினை முடிந்திருக்காது, நடுவில் ஒரு மைத்துனர் சாவியோடு இருப்பார். உரிமையாளருக்குக் கட்டடம் பூட்டிக்கிடந்தால் நட்டமில்லை, காணி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. இவருக்கு வரிவிலக்கு கொடுத்தால் இன்னும் சொகுசாகப் பூட்டி வைப்பார். சங்கமே இவர்களைத் தேடிப் பேசி, மூன்று வருடத்துக்கு வாடகை உயர்த்துவதில்லை என்ற எழுத்தோடு, திருத்த வேலைச் செலவைப் பங்குபோட்டு, இரண்டு கடையைத் திறக்கவைத்தால் அது ஐம்பது அலங்கார விளக்குக்குச் சமம். சபை கொடுக்கக்கூடிய சிறந்த ஊக்குவிப்பு, திருத்த வேலைக்கான அனுமதியை இத்தனை நாளில் தருவோம் என்று எழுதி ஒட்டி, அதன்படி நடப்பது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை என்பதால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை. சபையே கடைத்தொகுதி கட்டி, கேள்விமனுவில் அதிக வாடகை சொன்னவருக்குக் கொடுக்கும் முறையும் கவனிக்கவேண்டியது. கூடுதலாகச் சொன்னவர் அதைக் கட்டமாட்டாமல் உள்வாடகைக்கு விடுவார் அல்லது பூட்டுவார். புதிய தொகுதி பாதி வெறுமையாக நிற்க, பழைய தெருவும் அதற்கு ஆள் இழந்து மெலியும். உங்கள் ஊரில் பூட்டிய கடைகள் இருக்கும்போது புதுத் தொகுதி கட்டப் போவதாகச் சொன்னால், தயங்காமல் எதிர்க்கலாம்.

இனி உங்கள் கடன். தெரு நன்றாக வந்துவிட்டால் முதலில் உயர்வது வாடகை. இது ஏறக்குறைய நிச்சயம்; வியாபாரம் உயர்வது ஊகம். நீங்கள் கட்டட உரிமையாளர் என்றால் திட்டம் எப்படிப் போனாலும் உங்களுக்கு ஒரு நன்மை மிஞ்சும். வாடகைக்கு இருப்பவர் என்றால், திட்டம் வருகிறது என்ற செய்தி உரிமையாளர் காதில் விழுமுன் நீண்டகால எழுத்து ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டா என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள், அதை நான் சொல்லக்கூடாது. கடையைப் பெருப்பிக்கக் கடன் எடுப்பதை, கான் வேலை முடிந்து ஒரு மாரி கடக்கும்வரை தள்ளிவையுங்கள் என்பதுதான் என் நிலைப்பாடு. அந்த மாரியில் தண்ணீர் கடைக்குள் வராமல், பூட்டிய கடைகளில் ஒன்றிரண்டாவது திறந்திருந்தால் பிறகு யோசிக்கலாம். அதற்குள் பணம் போடத்தான் வேண்டுமென்றால், கல்முனையோடு புடவை விலையில் மோதாமல், பாடசாலைச் சீருடை, தையல், வைத்தியசாலைக்கு வருபவர் அவசரத்துக்கு வாங்குபவை என்று அலுவலாக வருகிற கூட்டத்துக்கு ஏற்ற சரக்கில் போடுங்கள். இது என் துறையல்ல. அந்த ஒரு வாரக் கொப்பி உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லும்.

சபைகள் 2023 மார்ச்சிலிருந்து 2025 நடுப்பகுதிவரை உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. இப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்துக்கு அவர்கள் பிரேரணை தேடுவார்கள். புரட்டாதி முடியுமுன், கணக்கெடுப்பின் முடிவு, பூட்டிய கடைகளின் பட்டியல், வடிகான் மட்டம் அளக்கக் கோரும் கடிதம் ஆகிய மூன்றையும் தவிசாளரிடமும் செயலாளரிடமும் கொடுத்து, பிரதியொன்றை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வரிவிலக்கு மனுவை அந்தக் கட்டோடு சேர்க்கவேண்டாம். அதைப் பார்த்தால் மற்ற மூன்றையும் வாசிக்கமாட்டார்கள்.